மாணவர்கள் நம் பேச்சை நம்புவதில்லை, மதிப்பெண் பட்டியலைத்தான் நம்புகிறார்கள்

"வித்தியாசமாக யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்லி ஒரு அசைன்மென்ட் கொடுத்துப் பாருங்கள். வகுப்பிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், எத்தனை பக்கம் இருக்கணும்?" அடுத்தது, "சீனியர்கள் செய்தது ஏதாவது மாதிரிக்குக் கிடைக்குமா?"

இந்தத் தலைமுறைக்குக் கற்பனையே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. எனக்கென்னவோ அவை புத்திசாலித்தனமான கேள்விகளாகத்தான் தெரிகின்றன. முன்னுரைக்கு ஐந்து, படங்களுக்கு ஐந்து, சரியான விடைக்குப் பத்து என்று பிரித்துவைத்துவிட்டு, புது முயற்சிக்கு ஒரு மதிப்பெண்கூட ஒதுக்காவிட்டால் யார் துணிவார்கள்? துணிந்து தோற்றவரைவிட, இணையத்தில் கிடைத்ததை ஒழுங்காக அடுக்கியவர் அதிகம் வாங்குவதை அவர்கள் முதல் செமஸ்டரிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

யாரோ மதிப்பிடப்போகிறார்கள் என்ற நினைப்பு என்ன செய்யும் என்பதை உளவியலாளர் தெரசா அமபிலே 1979இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கல்லூரி மாணவிகளிடம் வண்ணக் காகிதங்களைக் கொடுத்து ஒட்டுப்படம் செய்யச் சொன்னார். ஓவியர்கள் தங்கள் படத்தை மதிப்பிடுவார்கள் என்று முன்பே தெரிந்து செய்தவர்களின் படங்களில் படைப்பாற்றல் குறைந்திருந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. ஆனால் சொன்னபடி செய்வதைப் படைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் மதிப்பெண்ணை ஒழிக்க முடியாது, சரி. அதை எதற்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.

நான் கணினி அறிவியல் நடத்துகிறேன். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. 1951இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தகவல் கோட்பாடு (தகவலை அளந்து, குறியிட்டு அனுப்புவது பற்றிய துறை) நடத்திய பேராசிரியர் ராபர்ட் ஃபானோ, இறுதித் தேர்வு எழுதலாம் அல்லது ஒரு கட்டுரை எழுதித் தரலாம் என்று மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டார். கட்டுரைக்கான கேள்வி: எழுத்துகளை மிகக் குறைந்த பிட்டுகளில், அதாவது 0, 1 என்ற இலக்கங்களில், குறியிடும் வழி எது? ஃபானோவும், தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கிளாட் ஷானனும் முயன்று முழு விடை காணாத கேள்வி அது. அதை அவர் வகுப்பில் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் மோதிப் பார்த்துவிட்டு, போதும், தேர்வுக்கே படிப்போம் என்று முடிவெடுத்த நேரத்தில் விடை பிடிபட்டது. ஃபானோவின் முறை எல்லா எழுத்துகளையும் மேலிருந்து கீழே இரண்டிரண்டு குழுவாகப் பிரித்துக்கொண்டு போனது. ஹஃப்மன் மிக அரிதாக வரும் எழுத்துகளை முதலில் இணைத்து, அடியிலிருந்து மேலே கட்டினார். 1952இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. இன்றைக்கும் ஜேபெக் படங்களிலும் ஜிப் கோப்புகளிலும் அந்தக் குறியீடு வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் பலரும் ஹஃப்மனின் மேதைமையைப் பற்றித்தான் பேசுவார்கள். என் கண்ணில் படுவது ஃபானோ செய்த ஏற்பாடு. தனக்கே பிடிபடாத ஒன்றை மாணவரிடம் கொடுக்கலாம் என்று அவர் நினைத்தார். கூடவே, முடியாவிட்டால் தேர்வு எழுதித் தேறிக்கொள்ளலாம் என்ற வழியும் திறந்தே இருந்தது. அந்த வழி இல்லாமல் கடினமான கேள்வியை மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை, கைகழுவல்.

நம் வகுப்பில் ஹஃப்மன் இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான தேடல்கள் தோற்கத்தான் செய்யும், அந்தத் தோல்விக்கு என்ன மதிப்பெண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் புராஜெக்ட் வகுப்பில், முயன்றது எது, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்ற குறிப்பேட்டுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஒரு மாணவி தேர்வு அட்டவணையைத் தானாகப் போட்டுத்தரும் நிரல் எழுதினார். சில பாடங்களோடு நன்றாக ஓடியது, பாடங்கள் கூடியதும் திணறி நின்றுவிட்டது. எந்த இடத்தில், எதனால் நின்றது என்று அவர் எழுதியிருந்த பக்கங்கள், பிசகில்லாமல் ஓடிய பல நிரல்களைவிட எனக்கு அதிகம் சொல்லின. அதற்கேற்ற மதிப்பெண்ணும் கிடைத்தது. மற்ற மாணவர்கள் அதைக் கவனித்தார்கள். நான் வகுப்பில் என்ன பேசியிருந்தாலும் அந்த அளவுக்கு எடுபட்டிருக்காது.

முதல் வரைவுக்கு நான் எண் போடுவதில்லை, கருத்து மட்டும் எழுதுகிறேன். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்பாடும் மேலாக இருந்தன. கருத்தோடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்த கண் மற்றதைப் படிக்காது என்பது திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்த யாருக்கும் தெரியும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் நம்பிக்கைதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். மூன்று நொடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் புரியும்.

இப்போது பெரிய தொல்லை செயற்கை நுண்ணறிவு. வரும் ஒவ்வொரு தாளையும், இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளுக்குள் தள்ளி, சிவப்பு விழுந்தால் விசாரணை என்று போகிறோம். அந்த மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியது என்று தவறாகக் காட்டுவதுண்டு. அப்படி ஒருமுறை சந்தேகிக்கப்பட்ட மாணவர் அடுத்த முறை ஆபத்தில்லாத, தட்டையான நடையில்தான் எழுதுவார். நான் தாளை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுகிறேன். "இந்த வழியை ஏன் எடுத்தீங்க? வேற எதையெல்லாம் யோசிச்சு விட்டீங்க?" சொந்தமாகச் செய்தவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மற்றவரை அடையாளம் காண்பதும் கடினமில்லை. அவர்கள் சிலர்தான், அவர்களுக்காகப் போடும் விதியில் எல்லோரையும் கட்டிப்போட வேண்டாம்.

எல்லா இடத்திலும் சுதந்திரம் செல்லாது. ஆய்வகப் பாதுகாப்பில் மாணவரின் கற்பனைக்கு இடமில்லை. அடிப்படைக் கணக்கும் அப்படித்தான், சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு.

அப்புறம், வேலை செய்யாத புராஜெக்டுக்கு எப்படி இவ்வளவு மதிப்பெண் என்று மறுமதிப்பீட்டாளர் கேட்பார். செமஸ்டர் முடிந்தபின் விளக்கம் சொன்னால் எடுபடாது. பாடம் தொடங்கும் முன்பே மதிப்பீட்டு முறையைத் துறைக் கூட்டத்தில் வைத்து, ஒப்புதலைக் குறிப்பில் ஏற்றி, அதன் நகலை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.