பிளாஸ்திரியோடு உரிந்து வரும் தோல்

பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைக்குக் கையில் ஊசி போட்டு, அது நகராமல் இருக்கப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள். எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிட்டால் வீட்டாருக்கு நர்ஸ் மேல்தான் கோபம் வரும். பல சமயம் கோளாறு இழுத்த கையில் இல்லை, அந்தத் தோலிலேயே இருக்கிறது: லேசாக உரசினாலே தோல் கொப்புளமாகிப் பிரியும் ஒரு பரம்பரை நோய்.

தர்மபுரியில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் இப்படி வரும் குழந்தைகள் குறைவுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லா இடமும் சுற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் தடவியிருப்பார்கள், அம்மை என்று வேப்பிலையில் படுக்க வைத்திருப்பார்கள், அக்கி என்று காவியால் எழுதியிருப்பார்கள். அம்மையும் அக்கியும் கிருமியால் வருபவை, சில வாரங்களில் அடங்கிவிடும். இந்த நோய் அடங்காது. உரசும் இடமெல்லாம் கொப்புளம் வரும்: முழங்கால், முழங்கை, கணுக்கால், அரைஞாண் கயிறு படும் இடுப்பு. ஆறினால் தழும்பு, தழும்பின் மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். நகம் தடித்து, பிறகு விழுந்தே போகும். மற்றவருக்கு ஒட்டவே ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைக்கத் தேவையில்லை.

இது ஏன் வருகிறது? நம் உடம்பில் கொலாஜன் என்ற புரதம் 28 வகை உண்டு. தோலுக்கு உறுதி தருவது பெரும்பாலும் 1-ஆம் வகை. 7-ஆம் வகை அளவில் மிகக் கொஞ்சம்தான், ஆனால் அது இருக்கும் இடம் முக்கியம். மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் எல்லையில், பட்டு ரவிக்கையையும் அதன் லைனிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் போல, இந்தப் புரதம் நுண்ணிய இழைகளாக நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இதற்கான மரபணு 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை இருந்தால் இழை பலவீனமாகும், அல்லது உருவாகவே உருவாகாது. அப்போது லேசாக உரசினாலே இரண்டு அடுக்கும் பிரிந்து, நடுவில் நீர் கோக்கும். டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்பது நோயின் பெயர். பேர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காட்டலாம்.

"கொலாஜன் பவுடர் வாங்கிக் கலக்கிக் கொடுக்கலாமா டாக்டர்?" இப்போதெல்லாம் இந்தக் கேள்வி கட்டாயம் வருகிறது. வேண்டாம். குடித்த பவுடர் வயிற்றில் செரித்து உடைந்துவிடும். அது போய் 7-ஆம் வகை இழையாக நிற்காது. அந்தக் காசில் காஸ் துணி வாங்கலாம்.

ஏனென்றால் இந்த நோயில் பாதி வைத்தியம் வீட்டில் நடக்கிறது. கொப்புளம் பெருத்தால் விட்டுவைக்காதீர்கள், அது பக்கவாட்டில் பரவும். சுத்தமான புது ஊசியால் அடியோரத்தில் குத்தி, காஸை வைத்து மெதுவாக அழுத்தி நீரை எடுத்துவிட வேண்டும். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் புண்ணுக்கு மூடி. மேலே வாசலின் தடவிய காஸ், அதன்மேல் பேண்டேஜ். தோலில் பிளாஸ்திரி மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒட்டாதீர்கள். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுங்கள், சேர்த்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், ஒரு கை பிட்டத்தின் கீழும் மறு கை கழுத்தின் பின்னும் வைத்துத் தூக்குங்கள். சட்டையைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போடலாம். கடுமையான வகையில் உணவுக்குழாயும் சுருங்கும், முறுக்கு, தட்டுவடை போன்றவை கிழித்துவிடும். நம் ஊர்க் கேழ்வரகுக் கூழ் ஆறவைத்துக் கொடுத்தால் சுலபமாக இறங்கும். ரத்தசோகை இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். வாலிப வயதுக்குப் பிறகு ஒரு புண் ஆறாமல் மேடாக வளர்ந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே புரதத்தால் தொல்லை வரலாம். மரபணு சரியாகத்தான் இருக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தக் கொலாஜனைத் தாக்கும். அது பரம்பரை நோய் இல்லை, மருந்தும் வேறு.

புது மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. சரியான மரபணுவைச் சுமந்துசெல்லும் ஒரு ஜெல்லைப் புண்ணின் மேல் தடவ அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். நம் மக்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

அப்புறம், சொல்லச் சங்கடமான விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சொத்து, சொந்தம் எல்லாம் சேர்ந்த வழக்கம். அதைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இந்நோயின் கடுமையான வகை, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் வரும். ஒரே பாட்டனின் வழி வந்தவர்களிடம் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கு தப்பு. மருமகள் வயிற்றின் மேல் மட்டும் பழி போடுவதும் தப்பு, பாதி மகன் கொடுத்தது.

அடுத்த குழந்தைக்கு ஆசைப்படுகிறவர்கள் கர்ப்பமாவதற்கு முன்பே வாருங்கள். நோயுள்ள குழந்தையின் ரத்தத்தில் எந்த இடத்தில் பிழை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். அது கையில் இருந்தால்தான் 11, 12-ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடியில் மாதிரி எடுத்து, வயிற்றுக் குழந்தைக்கும் அதே பிழை இருக்கிறதா என்று சொல்ல முடியும். அஞ்சாம் மாதம் ஸ்கேனோடு வந்து கேட்டால், அந்த ஸ்கேனில் இது தெரியாது.