‘ஓவர்டோஸ்’ என்று சொல்லும் முன் உங்கள் பெரியம்மாவைக் கேளுங்கள்

மயக்க மருந்தை ஓவராகக் கொடுத்துவிட்டேன் என்று பழி வருவது, இந்த ஒன்றரை வருஷத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது.

போன மாதம் ஒரு ராத்திரி, கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடிக்கிற நிலை, வாந்தி நிற்கவில்லை. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் மயக்க மருந்து மருத்துவர். எங்கள் பக்கம் ‘மயக்க டாக்டர்’ என்பார்கள். அறுக்கிறவர் பெயர் ஊருக்கே தெரியும், மூச்சைப் பார்த்துக்கொள்கிறவர் பெயரை யாரும் கேட்பதில்லை. அது போகட்டும்.

தியேட்டர் வாசலில் அம்மாவிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, ஆடுகிற பல் உண்டா. அப்புறம், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் சமயத்தில் மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததா?

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங் டாக்டரம்மா.”

11.40க்குத் தூக்க மருந்து, கையோடு ஸ்கோலின். 50 கிலோ எடைக்கு 75 மில்லிகிராம், பாடப்புத்தகத்து அளவு. ஸ்கோலின் என்பது நாங்கள் கூப்பிடும் பெயர், முழுப்பெயர் சுக்சினைல்கோலின். 1951 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் உடம்பின் எல்லாத் தசைகளையும் தளர்த்திவிடும், மூச்சுவிடும் தசை உள்பட. சாப்பிட்ட வயிற்றோடு அவசரமாக வருகிறவர்களுக்கு, வாந்தி நுரையீரலுக்குள் போகும் முன் மூச்சுக்கான குழாயைத் தொண்டையில் போட்டுவிட இதைப் போலக் கைகொடுக்கும் மருந்து குறைவு. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தானாகத் தெளிந்துவிடும்.

தெளிய வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு சர்ஜன், “வயிறு நல்லாத் தளர்ந்திருக்கு மேடம்” என்றார், பாராட்டாக. எனக்கு அடிவயிறு கலங்கியது, ஏனென்றால் ஸ்கோலினுக்குப் பிறகு தளர்ச்சிக்கு நான் வேறு எதுவும் கொடுத்திருக்கவில்லை. மணிக்கட்டில் நரம்புத் தூண்டியை ஒட்டி, பட்டனை அழுத்தினேன். கட்டைவிரல் வெடுக்கென்று மடங்கியிருக்க வேண்டும். அசையவில்லை. ஆபரேஷன் முடிந்து தையல் போட்ட பிறகும் அசையவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. வென்டிலேட்டர் ஓடுகிறது, தூக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறேன், கால் மணிக்கு ஒருதரம் அந்த விரலைப் பார்க்கிறேன். 4.10க்கு லேசாக ஒரு துடிப்பு. ஆறு மணிக்குக் குழாயை எடுத்தேன். ஏழு மணிக்கு அந்தப் பெண் டீ கேட்டாள். கொடுக்கவில்லை.

வெளியே வந்தால் சண்டை. “மயக்க மருந்து ஓவரா ஏத்திப்போட்டீங்களா?” என்று மாமா ஒருவர். மூலையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். “எங்கக்காளுக்கும் இப்படித்தானுங் ஆச்சு. சிசேரியன்ல. விடியவிடிய மெசின்லயே வெச்சிருந்தாங்க. அந்த ஆஸ்பத்திரிலயும் ஓவர்டோஸ் குடுத்துப்போட்டாங்கனு சண்டை போட்டுட்டு வந்தோமுங்.”

பதினாறு வருஷம் முன்னால் நடந்தது. நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். “அது அந்த டாக்டர் பண்ணுன தப்புதானுங்களே, அதைப்போயி எதுக்குச் சொல்றதுன்னு…”

என்னை எரிச்சலூட்டுவது இந்த ‘ஓவர்டோஸ்’ என்கிற சொல்தான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோலின் தூங்க வைக்கிற மருந்தே கிடையாது. அது தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். அதை உடைத்துத் தள்ள நம் ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது, பியூட்டிரில்கோலினெஸ்டெரேஸ் என்று பெயர். கல்லீரல் தயாரிப்பது. ஊசியில் போன மருந்தில் பெரும்பகுதியைத் தசைக்குப் போய்ச் சேரும் முன்பே இது உடைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாது. அவர்களுக்கு எல்லாருக்கும் கொடுக்கிற அதே அளவைக் கொடுத்தாலும் மருந்து மணிக்கணக்கில் நிற்கும். கொடுத்த அளவில் தப்பில்லை, உடைக்க ஆளில்லை. வாய்க்காலில் வழக்கமான தண்ணீர்தான் வந்தது, கடைமடையில் மடை திறக்கவில்லை. அதற்கு மேலே மதகு திறந்தவனைத் திட்டி என்ன செய்ய? ஐந்து கிலோ கூட எடை போட்டு மருந்து கொடுத்திருந்தால்கூட, நொதி உள்ளவருக்கு ஓரிரு நிமிடம்தான் கூடியிருக்கும். விடியவிடிய நிற்காது.

இந்த நொதி இல்லாதவருக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம், நூறு வயது வாழலாம். ஸ்கோலினைச் சந்திக்கிற வரைக்கும் தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சந்தித்த பின்னும் காப்பாற்றுவது கடினமில்லை. மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும், மருந்து தானாகப் போகும். ஆனால் எதிரே இருக்கும் டாக்டருக்குக் காரணம் பிடிபடாமல் தூக்க மருந்தை நிறுத்திவிட்டால்? அப்படி வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்ட ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார்: நர்ஸ்கள் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டது முழுக்கக் காதில் விழுந்ததாம். தொண்டையில் குழாய். கண் இமையைத் திறக்கப் பார்க்கிறார், முடியவில்லை. செத்துப்போய்விட்டோம் என்றே நினைத்திருக்கிறார். இன்றும் அவரால் லிஃப்டில் ஏற முடிவதில்லை.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்த காலத்துப் புத்தகங்கள் இந்தக் குறை மூவாயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்கிற கணக்கில் சொன்னன. அது ஐரோப்பியர்களைச் சோதித்து வந்த கணக்கு. வெர்னர் காலோ என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1950களில் இதற்குச் சோதனை கண்டுபிடித்தார், அதன்பின் வந்த எண்கள் பெரும்பாலும் அங்கத்தியவை. நம் ஊருக்கு அந்த எண் பொருந்துமா என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பொருந்தாது. இங்கே ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறை ஐரோப்பிய, அமெரிக்க மக்களைவிட நூறு மடங்கு அளவுக்கு அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதைத் துருவி ஆராய்ந்தார்கள். அந்த நொதியின் 307வது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் என்ற வேறொன்று உட்கார்ந்திருக்கிறது என்று 2006இல் வெளியிட்டார்கள். ஒரே ஓர் எழுத்துப் பிழை மாதிரி. ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணியில் போய்விடக்கூடிய இடத்தில் நடந்த ஆராய்ச்சி. அதைப் பற்றி நம் ஊர் வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளும் விதம் வேறு. போன வருஷம் சென்னிமலைப் பக்கம் ஒரு பெரியவர் வாட்ஸாப்பில் ‘செட்டியார்களுக்கு மயக்க மருந்து ஆகாது’ என்று வந்ததைப் படித்துவிட்டுக் குடலிறக்க ஆபரேஷனை ஆறு மாதம் தள்ளிப் போட்டிருந்தார். அவர் தேவாங்கர். செட்டியார் என்று பட்டம் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா? நான் சொல்வது வீட்டில் தெலுங்கு பேசி, வாசவி கன்னிகா பரமேசுவரியைக் கும்பிடுகிற ஆரிய வைசியர்களை. அவர்களிலும் எல்லாருக்கும் இல்லை, பெரும்பாலோருக்கு இல்லை. மயக்க மருந்து முழுவதும் ஆகாது என்பதும் இல்லை. ஆகாதது ஸ்கோலினும் அதன் சாயலில் உள்ள ஒன்றிரண்டும்தான். ரோகுரோனியம் என்று மாற்று இருக்கிறது, முதுகில் போடும் ஊசி இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் எனக்கு அது ஐந்து வினாடி முடிவு.

அந்தப் பெண்ணின் வீடும் ஆரிய வைசியர்தான். “எங்க கல்யாணம் சொந்தத்துல இல்லீங்களே” என்றார் அவள் அப்பா. கோத்திரம் பார்த்து, வேறு ஊரில் பெண் எடுத்துத்தான் கட்டியிருக்கிறார். சொந்தத்தில் கட்டினால் ஆபத்து கூடும், அது உண்மை. ஆனால் ஒரு சமூகம் நூறு தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், வேறு ஊர், வேறு கோத்திரம் என்றாலும் அடியில் வேர் ஒன்றுதான். அம்மாவிடம் பழுதான பிரதி ஒன்று, அப்பாவிடம் ஒன்று. இருவரும் நன்றாகவே இருப்பார்கள். இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் சேர, ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

இதைப் படித்துவிட்டு “நல்லவேளை, நாம அந்தக் கூட்டமில்லை” என்று பெருமூச்சு விடும் மற்றவர்களுக்கு: 2017இல் தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட சமூகங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. ஹைதராபாத்தின் தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரெய்க்கும் இருந்த குழு. அதில் 81 சமூகங்கள், மரபணு நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விட இறுக்கமாகத் தமக்குள் அடைபட்டவை என்று தெரிந்தது. பத்து லட்சத்துக்கு மேல் ஆள் உள்ள பெரிய சமூகங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பின்லாந்தில் தேடினார்கள், முப்பதுக்கு மேல் மரபணு நோய்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இங்கே தேடவில்லை, அதனால் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறை இருப்பதை 1952லேயே எழுதிவிட்டார்கள். இன்றும் ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு அந்தச் சோதனை செய்யாமலே, ரத்த ஓட்டத்தை நிறுத்தி அந்தக் குறை உள்ளவருக்கு ஆபத்தாகக்கூடிய இறுக்கப்பட்டையைக் கையில் கட்டுகிற தியேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் சமூகம் எது என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தைய முறை கேட்டபோது நோயாளியின் அண்ணன், “ஆஸ்பத்திரில எதுக்கு ஜாதி கேக்கறீங்க?” என்று எகிறினார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் “எந்த ஊருங்க, அங்க யாரு வூடுங்க” என்று இரண்டே கேள்வியில் குலம், கூட்டம் வரை போய்விடுகிற ஊர் இது. கல்யாணப் பத்திரிகையில் முழு வம்சமும் இருக்கிறது. மயக்க டாக்டர் கேட்டால் மட்டும் சமத்துவம் பொங்குகிறது. இப்போது நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: “சில குடும்பங்களுக்கு ஒரு மருந்து ஒத்துக்காது, அதுக்காகக் கேக்கறேன், நீங்க ஆரிய வைசியரா?” இதுவரை யாரும் எகிறவில்லை. இளம் மயக்க மருத்துவர்களே, கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலை மட்டும் நம்பாதீர்கள், மணிக்கட்டில் நரம்புத் தூண்டியை ஒட்டுங்கள்.

மற்றவர்களுக்கு. ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ‘பிரச்சனை வந்ததா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்க நேரமாச்சா? மெசின்ல வெச்சிருந்தாங்களா?’ என்று கேளுங்கள். கருக்கலைப்பு, மின் அதிர்ச்சி சிகிச்சை, எலும்பை இழுத்துக் கட்டியது எல்லாம் கணக்கில் சேர்த்தி. டாக்டர் கேட்டால் யார் தப்பு என்று நீங்கள் தீர்ப்பு எழுதாமல் நடந்ததைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடைக்குப் போடாதீர்கள், குறைந்தபட்சம் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்த எல்லாரும் இந்த நொதியை அளக்கும் சீரம் கோலினெஸ்டெரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அபூர்வமான சோதனை இல்லை. பூச்சி மருந்து குடித்தவர்கள் வராத பெரிய ஆஸ்பத்திரி கொங்கு நாட்டில் ஏது? அவர்களுக்காகவே அது எல்லா இடத்திலும் உண்டு.

அதையொட்டித் தோட்டக்காரர்களுக்கும் ஒன்று. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்துகள் இதே நொதியையும் முடக்கும். தக்காளிக்கோ பருத்திக்கோ மருந்து அடித்துத் தலைசுற்றல், வாந்தி என்று படுத்திருந்தால், அடுத்த சில வாரங்களில் ஆபரேஷன் வந்தால் சொல்லியே ஆக வேண்டும். பிறவிக் குறை இல்லாதவருக்கும் ஸ்கோலின் அப்போது நீண்டுவிடும். மருந்து குடித்ததை மறைத்து ‘வயித்து வலி’ என்று கூட்டிவருகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை நடுங்கும், அது இன்னொரு நாளைக்கு. கர்ப்பிணிகளுக்கும் இந்த நொதி கால்பங்கு குறையும். சாதாரணமாக அதனால் ஒன்றும் ஆகாது, ஏற்கெனவே குறை உள்ளவர்களுக்குத்தான் கணக்கு.

ஒரு கெஞ்சல். கல்யாணம் தட்டிப்போகும் என்று பெண் பிள்ளைகளின் ரிப்போர்ட்டை மறைக்காதீர்கள். பெயரைச் சொல்லக் கூசினால் ‘ஸ்கோலின் ஒத்துக்காது’ என்று ஒரு வரி போதும், பென்சிலின் ஒத்துக்காது என்பது மாதிரி.

அந்தக் குடும்பத்தில் பதினோரு பேர் சோதித்துக்கொண்டார்கள். ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போன வியாழக்கிழமை வந்தார் அந்த அம்மா. பெண்ணைத் தவிர, பெரியம்மாவுக்கும் பத்தாவது படிக்கும் தம்பிக்கும் நொதி அநேகமாக இல்லை. மூவருக்கும் ஆங்கிலத்தில் சீட்டு எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“அடியில தமிழ்லயும் எழுதிக் குடுங் டாக்டரம்மா. இவன் எங்கயாவது உழுந்து கெடந்தான்னா, தூக்கிட்டுப் போறவனுக்கும் தெரியோணுமுல்லொ.”

எழுதிக் கொடுத்தேன். பையன் அதை லேமினேட் செய்து பஸ் பாஸுக்குப் பின்னால் சொருகிக்கொண்டான்.