லேப் ரிப்போர்ட் பத்திரமா இருக்கு சார், சன்ஷேடுதான் இல்லை

போன வாரம் கோத்தகிரியில் ஒரு வீடு. துணி துவைக்கும் கல்லுக்கு நேர் மேலே, சன்ஷேடில் பழைய கான்கிரீட் மேல் ரிப்பேருக்குப் பூசியிருந்த பேட்ச் தோசை மாதிரி முழுசாகக் கழன்று விழுந்திருக்கிறது. பாட்டி டீ குடிக்க உள்ளே போயிருந்ததால் தப்பித்தார். இந்த வருஷம் நான் பார்க்கும் நாலாவது கேஸ். வீட்டுக்காரர் வழக்கம்போல ஒரு தாளை நீட்டினார். "ஐம்பது நியூட்டன் வந்திருக்கு சார், நல்ல மெட்டீரியல்தான்."

விழுந்த துண்டைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பழைய பாசி. கொத்தனார் கம்பி பிரஷ்ஷே போடவில்லை.

அந்தத் தாளில் இருப்பது கியூப் டெஸ்ட் எண்: மெட்டீரியலைத் தனியாக அச்சில் ஊற்றி, 28 நாள் பக்குவமாக வைத்திருந்து, மெஷினில் நசுக்கி, ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் தாங்குகிறது என்று பார்ப்பது. உங்கள் சன்ஷேடை யார் நசுக்கப் போகிறார்கள்? பேட்ச் நசுங்கி விழுந்து நான் பார்த்ததே இல்லை, ஒட்டு விட்டுத்தான் விழுகிறது. புதுசு காயும்போது சுருங்கும். பழைய கான்கிரீட் எப்போதோ சுருங்கி முடித்தாயிற்று, அது அசையாது. இந்த இழுப்பு முழுக்க நடுவில் இருக்கும் ஒட்டு மேல்தான். "அப்போ இன்னும் ஸ்ட்ராங்காப் போடுங்க" என்பவர்களிடம்தான் எனக்குத் தலைவலி. ரொம்ப ஸ்ட்ராங் என்றால் பெரும்பாலும் ரொம்ப விறைப்பு, அதே சுருக்கத்துக்கு ஒட்டை இன்னும் பலமாக இழுக்கும். ஊட்டிப் பக்கம் ஜனவரியில் பகல் வெயில் சுள்ளென்று அடித்து ராத்திரி உறைபனி விழும்போது சொல்லவே வேண்டாம்.

கேட்க வேண்டியது புல்-ஆஃப் டெஸ்ட், அதாவது ஒட்டை இழுத்துப் பார்க்கும் சோதனை. பேட்சை வட்டமாக அறுத்து, பழைய கான்கிரீட்டுக்குள்ளும் கொஞ்சம் இறக்கி (பேட்சோடு நிறுத்தினால் அது டெஸ்ட்டே இல்லை), 50 மி.மீ. இரும்பு வில்லையை எபாக்ஸி பசையில் ஒட்டி இழுப்பார்கள். ஐரோப்பியத் தரம் ஈஎன் 1504-3 உயர்ந்த வகுப்புக்கு நசுக்கலில் 45 நியூட்டன் கேட்கிறது, கூடவே ஒட்டுக்கு 2-ம் கேட்கிறது. அந்த 2-ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை! சைட்டில் எண்ணோடு, எங்கே பிய்ந்தது என்றும் பாருங்கள்: ஒட்டில் என்றால் வேலை சரியில்லை, பழைய கான்கிரீட்டுக்குள்ளேயே குறைந்த எண்ணில் பிய்ந்தால் பழசே சொத்தை.

அப்புறம், பேட்ச் போடும் முன்னால், கொத்திய இடத்தில் பினாப்தலின் தெளியுங்கள் (கான்கிரீட்டில் காரம் இருந்தால் ரோஸாக மாறும் திரவம்). ரோஸ் வரவில்லையா, இன்னும் கொத்த வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையட்டும். பழைய பரப்பை நனைத்து வையுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. பேட்ச் போட்டபின் அதன் மேல் ஈரச்சாக்கு ஏழு நாள். "மூடுபனிதான் இருக்கே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், மதியக் காற்றுக்கு இரண்டே மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

அந்த வீட்டில் மீதி இரண்டு சன்ஷேடையும் சுத்தியலால் தட்டினேன், இரண்டும் பொள்ளல் சத்தம், உள்ளே ஒட்டு விட்டாயிற்று. துவைக்கும் கல்லை இப்போதைக்கு நகர்த்திப் போடச் சொன்னேன். "தண்ணிக் குழாய் இங்கதானே சாமி இருக்கு" என்கிறார் பாட்டி.