முதுமுனைவர் ஆய்வுப் பணி: விண்ணப்பிக்கும் முன் தரவைப் பற்றிக் கேளுங்கள்

மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளை, அதாவது எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டும் தரவுகளைப் பகுப்பாய்வு செய்யும் துறையில், முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் முதுமுனைவர் ஆய்வாளர் பணிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பலர் தேடலின் முதல் அடியிலேயே வழிதவறிவிடுகிறார்கள். 'தரவுப் பகுப்பாய்வு' என்று தேடினால் வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் முன்னால் வந்து நிற்கும். உயிரியல் ஆய்வகமோ புற்றுநோய், நோயெதிர்ப்பு என ஆய்வுப்பொருளைத் தலைப்பில் வைத்துவிட்டு, ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழிப் பயிற்சியைத் தகுதிகளுக்கு நடுவே ஒரு வரியில் சொல்லியிருக்கும். ஆகவே யூராக்செஸ், நேச்சர் கேரியர்ஸ் போன்ற ஆய்வுப்பணி விளம்பரத் தளங்களில் 'ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ.' (ஒவ்வொரு செல்லிலும் தனித்தனியே அளந்த மரபணு வெளிப்பாடு) என்பது போலத் தரவு வகையின் பெயரையே கொடுத்துத் தேடுவது நல்லது.

விளம்பரம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பயோஆர்கைவ் தளத்தில் வெளியாகும் முன்பதிப்புகளை, அதாவது ஆய்விதழில் வருமுன்பே பொதுவில் வைக்கப்படும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் எந்த ஆய்வகத்தில் தரவு குவிகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஆய்வகத் தலைவருக்கு நேரடியாக எழுதலாம். அவரிடம் நிதி இல்லாவிட்டாலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி உதவித்தொகைக்கு அவருடன் சேர்ந்து விண்ணப்பிக்க இயலும். பொதுவான விதிப்படி, விண்ணப்ப இறுதிநாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த ஆய்வகம் இருக்கும் நாட்டில் வசித்தோ பணியாற்றியோ இருக்கக் கூடாது.

திறனை நிறுவச் சான்றிதழ்களை அடுக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளைச் சேமித்துவைக்கும் ஜியோ (GEO) தரவுத்தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய தரவு ஒன்றை எடுத்து, மறுபகுப்பாய்வு செய்து, வேறொருவர் தம் கணினியில் ஓட்டினாலும் அதே முடிவு வரும்படி நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருப்பவரையே நேர்காணலுக்கு அழைக்கத் தோன்றும். எந்த மாதிரிகளை ஏன் நீக்கினார் என்றும் அதில் எழுதியிருந்தால், அவர் சிந்திக்கும் விதமே தெரிந்துவிடுகிறது.

விண்ணப்பதாரர்கள் கேட்கத் தயங்குவதும், கட்டாயம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: பகுப்பாய்வுக்கான தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா, அல்லது நோயாளிகளிடமிருந்து மாதிரிகளைத் திரட்டுவதே இனிமேல்தானா? இரண்டாண்டு ஒப்பந்தத்தில் முதலாண்டு முழுவதும் மாதிரிகளுக்காகக் காத்திருந்துவிட்டால், எஞ்சிய காலத்தில் ஆய்வுக்கட்டுரை வெளிவருவது அரிது. அதேபோல, ஆய்வகத்தில் பகுப்பாய்வு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், எல்லோருடைய வரைபடங்களையும் போட்டுத்தருவதே உங்கள் அன்றாட வேலையாகி, கட்டுரைகளில் உங்கள் பெயர் நடுவில் எங்கோ இருக்கும். உங்களுக்கென ஓர் ஆய்வுக் கேள்வி ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அதன் கட்டுரையில் முதலாசிரியர் யார் என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே பேசிவிடுங்கள். நோயாளிகளின் மரபணுத் தரவுகளுக்கான அனுமதி, பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பிலேயே வழங்கப்படுவதால், பணி மாறிய பின் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த முடியுமா என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இவற்றுக்கெல்லாம் தலைவர் தரும் விடைகளோடு நின்றுவிடாமல், அங்கிருந்து அண்மையில் விலகிய ஆய்வாளர் ஒருவரிடமும் தனியே பேசிப் பாருங்கள். அப்படிப் பேசுவதற்கு மறுப்புச் சொல்லும் ஆய்வகத்தை நானாக இருந்தால் தவிர்த்துவிடுவேன்.