இடுபெயரா, ‘முதல் பெயரா’?

‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்னும் இரு கட்டங்கள் இல்லாத தமிழ்ப் படிவத்தை இணையத்தில் காண்பது அரிதாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் நேம்’ என்பதற்குக் ‘கிவன் நேம்’ என்றொரு மாற்றுச் சொல் உண்டு. குடும்பவழியாக வந்து சேராமல், ஒருவருக்கென்றே இடப்பட்ட பெயர் என்று அது பொருள்படும். தமிழிலும் பெயரை இடுகிறோம், ஆகவே இடுபெயர். சொல்லாக்கம் இவ்வளவே.

‘முதல் பெயர்’ பொருளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்கிறது. அந்த இடமோ மொழிக்கு மொழி மாறுவது. சீனரும் கொரியரும் ஹங்கேரியரும் குடும்பப் பெயரையே முன்னால் வைப்பர். மா சே துங் என்பதில் ‘மா’ குடும்பப் பெயர். நாம் பேலா பார்த்தோக் என்றெழுதும் இசையமைப்பாளர் தம் மொழியில் பார்த்தோக் பேலா. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாண்டின் பெயரை இக்கட்டங்களில் நிரப்பினால், ‘ஊ’ முதல் பெயராகிவிடும். அது நம் ‘திரு’வைப் போன்ற மரியாதை அடை. அவருக்கு இருந்தது தாண்ட் என்னும் ஒரே பெயர். அது முதலா, கடைசியா என்பதை மொழிபெயர்ப்பாளரே சொல்லட்டும்.

‘இயற்பெயர்’ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தொல்காப்பியப் பெயரியலில் இடம்பெற்ற பழஞ்சொல் என்பதால் அதன்மேல் எனக்கும் மதிப்புண்டு. ஆனால் இன்று அது புனைபெயருக்கு எதிர்ச்சொல்லாகவே வழங்குகிறது. மார்க் ட்வெயினின் இயற்பெயர் சாமுவேல் லாங்கார்ன் கிளெமன்ஸ் என்கிறோம். அதில் கிளெமன்ஸ் என்னும் குடும்பப் பெயரும் அடங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியதோ அதை நீக்கி நிற்கும் பகுதி.

இடுபெயர் என்றால் இடுகுறிப்பெயரோடு குழம்பாதா என்பது இன்னொரு தடை. இடுகுறி என்பது காரணம் நோக்காது வழங்கும் பெயர். இடுபெயரிலுள்ள ‘இடு’ சூட்டும் செயலை மட்டுமே குறிக்கிறது, காரணம் உண்டா இல்லையா என்பதைப் பற்றி அது பேசவில்லை. காரணத்தைத் தேடிப் பார்த்துப் பெயர்களைத் தமிழாக்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ என்று எபிரேயத்தில் பொருள்படும் யோவானை அருளப்பர் என்றும், இலத்தீனில் ‘சிறிய’ என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றும் அவர்கள் வழங்கினார்கள். இன்றைய படிவக்காரர்கள் எத்தனையாவது சொல் என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள்.