பதிவிறக்கம்: இறக்குவதா, படியெடுப்பதா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர், சென்ற மாதம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கேசட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சுடலைமாடன் கதை வில்லுப்பாட்டு இரண்டு பாகம், காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம், அவற்றோடு சில பக்திப் பாடல்கள். வில்லுப்பாட்டுக் கேசட் ஒன்றில் நாடா வெளியே வந்து சுருண்டு கிடந்ததால், பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "இதெல்லாம் காசு குடுத்து வாங்குனதுதான தம்பி. இதே பாட்ட நெட்டுல இருந்து எறக்கிக்கிட்டா தப்பா? ஒரே பாட்டுக்கு ரெண்டு தடவ காசு குடுக்கணுமாக்கும்?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதன் முடிச்சு 'எறக்கி' என்ற சொல்லில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே சட்டத்துக்குப் போகுமுன் சொல்லைப் பார்த்துவிடலாம்.

'இறக்கு' என்பது 'இறங்கு' என்பதன் பிறவினை. மேலே இருப்பதைக் கீழே கொண்டுவருவதும், சுமையை வண்டியிலிருந்து எடுத்து வைப்பதும் இறக்குதல். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியின் துறைமுகத்தில் நாள்தோறும் நடப்பது இதுவே. 'இறக்குமதி' என்ற சொல்லும் இவ்வினையிலிருந்து வந்ததே. கப்பலிலிருந்து சரக்கை இறக்கினால் கப்பல் காலியாகும், கிடங்கு நிறையும். 1970களில் கணினியாளர்கள் ஆங்கிலத்தில் உருவாக்கிய 'டவுன்லோடு' என்னும் சொல்லுக்குள்ளும் சுமைதான் இருக்கிறது. 'லோடு' என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு வழி, கொண்டுசெல்லுதல் என்று பொருள். பெரிய கணினியிலிருந்து சிறிய கணினிக்கு வருவதால் அது 'கீழே' வருவதாயிற்று. உண்மையில் அங்கிருந்து எதுவும் புறப்பட்டு வருவதில்லை. பாட்டு அங்கேயே இருக்கிறது, இங்கே புதிதாக இன்னொன்று உண்டாகிறது. சரக்கு இடம் மாறுவதற்குரிய சொல்லைச் சரக்கு பெருகுவதற்கு வைத்துவிட்டதால்தான், "என்னுடையதை நான் இறக்கிக்கொள்வதில் என்ன குற்றம்?" என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் பக்கத்துப் பேச்சில் இந்தச் செயலுக்கு இதற்கு முன்பே இரண்டு பெயர்கள் இருந்தன. கேசட் காலத்தில் பிடித்த பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, 60 நிமிட வெற்றுக் கேசட்டோடு கடையில் கொடுத்து, "பதிஞ்சு குடுங்க" என்போம். அதன்பின் மெமரி கார்டு வந்தது. கைப்பேசிக் கடைக்காரரிடம் அதே வேலைக்கு "பாட்டு ஏத்திக் குடுங்க" என்றோம். இணையம் கைக்கு வந்தபின் நாமே 'இறக்கி'க்கொள்கிறோம். கடையில் ஏற்றுவதும் வீட்டில் இறக்குவதும் திசையில் எதிரெதிர்ச் சொற்களாக இருந்தாலும் செயல் ஒன்றே. இம்மூன்றில் 'பதிதல்' என்பதே நடப்பதை நடந்தவாறு சொன்ன சொல்.

'பதி' என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வருவது. மண்ணில் கால் பதிந்தது என்பதிலிருந்து 'பதிவு', கல் பதித்தார் என்பதிலிருந்து 'பதிப்பு'. ஒலி நாடாவில் பதிந்தால் ஒலிப்பதிவு; எழுத்தைத் தாளில் பதித்தால் நூற்பதிப்பு. இணையத் தமிழில் 'தரவிறக்கம்', 'பதிவிறக்கம்' என இரண்டும் வழங்குகின்றன. எந்தக் கோப்புக்கும் பொருந்துவது தரவிறக்கம். பாட்டைப் பொறுத்தவரை, ஒலிப்பதிவு என்பதன் வாடையும் சேர்ந்திருப்பதால் பதிவிறக்கமே எனக்கு உவப்பானது. என்றாலும் இரண்டு சொற்களிலும் அந்த 'இறக்கம்' ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் கவலைப்படுவது இறக்கத்தைப் பற்றியன்று, படியைப் பற்றி. இதற்கு நாம் அன்றாடம் சொல்லும் 'காப்பி', மிகுதி என்னும் பொருளுடைய 'கோப்பியா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து நமக்கும் வந்தது. ஒன்று பலவாவதை அதன் மூலம் நன்றாகவே காட்டுகிறது. பத்திர அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் வழங்கும் 'நகல்' அரபு மூலமுடையது. அங்கே அதன் முதற்பொருள் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல், பிற்பொருளே பார்த்தெழுதுதல். ஆங்கில 'லோடு' போலவே நகலும் சுமைதூக்கிப் பிறந்த சொல் என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. 'பிரதி' வடசொல். 'படி' என்பதை அதனோடு உறவுபடுத்துவோரும் உண்டு. அது எவ்வாறாயினும், 'அப்படி', 'இப்படி' என்று நாள் முழுதும் நாவில் புரளும் அந்தச் சொல்லுக்கு ஒத்த வடிவம் என்ற பொருள் தமிழில் ஊறிப்போனது.

படியெடுத்தல் என்பதன் முழுப்பொருளையும் அறிய, கல்வெட்டுத் துறையினர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கோயில் சுவரிலுள்ள எழுத்துகளைத் தூசி போகத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, பின்பு மை தோய்ந்த பஞ்சுப்பொதியால் மேலே ஒற்றுகிறார்கள். பள்ளமான இடத்தில் மை படாததால் கருப்புத் தாளில் வெள்ளை எழுத்து எழுகிறது. தாளை உரித்தெடுத்துக்கொண்டு அவர்கள் போய்விடுகிறார்கள். கல்வெட்டு அதே சுவரில் இருக்கிறது. இணையத்திலிருந்து பாட்டு வருவதும் இவ்வாறுதான் என்பதால், 'படியெடுத்தல்' என்பதே பொருளுக்கு நேரான தமிழ்ச்சொல் என்பேன். அன்றாட வழக்கில் பதிவிறக்கம் இருக்கட்டும். உரிமை பற்றிப் பேசும்போது மட்டும் அதைப் படியெடுத்தல் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தால் வழி தெளியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பாட்டுக்கும் நூலுக்கும் உள்ள உரிமையைச் செய்தித்தாள்களில் பலர் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். அது புதிதாகக் கண்டுபிடித்த கருவிக்கும் செய்முறைக்கும் அரசு தரும் பேடண்டுக்கு உரிய சொல். பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை.

இனி அண்ணாச்சியின் கேள்வி. கேசட்டை வாங்கியவருக்குச் சொந்தமானது அந்தப் பிளாஸ்டிக் பெட்டியும் நாடாவும், அதைப் போட்டுக் கேட்கும் வசதியும். அதிலிருந்து இன்னொரு படி எடுக்கும் உரிமை உரிமையாளரிடமே தங்கிவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 14ஆம் பிரிவு, ஒலிப்பதிவிலிருந்து வேறொரு ஒலிப்பதிவை உண்டாக்கும் உரிமையை உரிமையாளருக்கே தருகிறது. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், மின்னணு வழியில் சேமித்து வைப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று வெளிப்படையாகச் சேர்த்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் கணினியில் பாட்டை வைத்திருக்கும் அனைவரும் குற்றவாளிகளே.

ஆனால் ஒரு கதவைச் சாத்திய அதே திருத்தம் இன்னொரு கதவைத் திறந்தும் வைத்தது. 52ஆம் பிரிவு எவையெவை மீறல் ஆகா என்று பட்டியலிடுகிறது. சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான முறையில் கையாள்வது அவற்றுள் முதலாவது. 2012க்கு முன் இந்த விலக்கு இலக்கியம், நாடகம், இசையமைப்பு, கலைப்படைப்பு ஆகியவற்றுக்கே இருந்தது. ஒலிப்பதிவு அதில் இல்லை. அதாவது கேசட் கொடிகட்டிப் பறந்த காலத்தில், வாங்கிய கேசட்டிலிருந்து காருக்கென்று ஒரு படி எடுத்தவருக்கு இந்த விலக்கு கிடையாது. திருத்தத்துக்குப் பின் கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் அது விரிந்தது. அந்நோக்கத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமிப்பது மீறல் ஆகாது என்ற விளக்கமும் சேர்ந்தது. ஆகவே அண்ணாச்சி தம் கேசட்டை ஓடவிட்டுத் தாமே கணினியில் படியெடுத்து, தாமும் வீட்டாரும் கேட்டால், அது இந்த விலக்கின் நிழலில் வருகிறது என்றே நான் படிக்கிறேன்.

பிறர் ஏற்றி வைத்ததிலிருந்து எடுப்பது அதுவன்று. அங்கே படி பிறப்பது அண்ணாச்சியின் கேசட்டிலிருந்து அல்ல. அனுமதியின்றிப் பொதுவெளியில் வைக்கப்பட்ட இன்னொருவர் படியிலிருந்து. ஏற்றியவர் செய்தது ஐயமின்றி மீறல். எடுப்பவருக்கு, 'ஏற்கெனவே ஒரு கேசட் வைத்திருப்பவர் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற வாசகம் சட்டத்தில் எங்கும் இல்லை. கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் பழுதுக்குக் காப்பாக ஒரு படி எடுத்துவைக்கலாம் என்று தனி விதி உண்டு. பாட்டுக்கு அப்படி ஒன்றை எழுதவில்லை. டொரண்டு வழியாக எடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: இறங்கும்போதே நம் கணினியிலிருந்து அதே பாட்டு மற்றவர்களுக்கும் போய்க்கொண்டிருப்பதால், நாமும் விநியோகிப்பவர் ஆகிறோம். தெரிந்தே மீறுவோருக்கு 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதபோது, தக்க காரணத்தை எழுதி நீதிமன்றம் இதைக் குறைக்கலாம்.

அண்ணாச்சியின் வாதத்தை ஒரு நிறுவனமே அமெரிக்க நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்தது. எம்பி3.காம் என்ற நிறுவனம், வாடிக்கையாளர் தம் குறுந்தகட்டைக் கணினியில் செருகிக் காட்டினால், தான் தொகுத்து வைத்திருந்த அதே பாடல்களை இணையம் வழியே கேட்க விட்டது. தகடு அவருடையதுதானே என்பது வாதம். 2000ஆம் ஆண்டு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கேட்பவரிடம் தகடு இருப்பது, நிறுவனம் தனக்கென எடுத்துவைத்த படிகளை நியாயமாக்காது என்றது. பிரிட்டனிலோ, வாங்கியதைத் தனக்காகப் படியெடுக்கலாம் என்று 2014 அக்டோபரில் வந்த விதியை, மறு ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. நம் 52ஆம் பிரிவு அந்த அளவில் தாராளமானது.

காலம் முடிந்த பதிவுகளின் கதை வேறு. ஒலிப்பதிவு வெளியான மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. காருகுறிச்சியார் 1964இல் காலமானார். ஆகவே அவர் வாழ்நாளில் வெளிவந்த இசைத்தட்டு எதுவாயினும் அதன் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனையை அவர் வாசித்திருந்தால் இசைக்கும் உரிமைத் தடை இல்லை. திரைப்பாட்டு மெட்டானால், இசையமைத்தவர் இறந்தபின் 60 ஆண்டுகள் ஓட வேண்டும். தட்டு விடுபட்டாலும் மெட்டு விடுபட்டிருக்காது.

இவ்வளவும் சொன்னபின், வில்லுப்பாட்டுக் கேசட்டை இணையத்தில் தேடிப் பார்த்தோம், யாரும் ஏற்றியிருக்கவில்லை. பழைய டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போட்டு ஓடவிட்டோம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆயிற்று. நடுவில் புறம் திருப்பிப் போட்டதும், குடத்தின் ஒலி தொடங்குமிடத்தில் நாடா சற்று இழுத்ததும் அப்படியே அதில் சேர்ந்தன. மாலையில் மகனுக்குப் போன் செய்த அண்ணாச்சி, "பதிஞ்சாச்சு" என்றார்.