பழைய பேஸ்பால் அட்டைகள்: காசு கைமாறாத பரிமாற்றத்தில் கவனிக்க வேண்டியவை

பழைய அச்சுத்தாள்களையும் சேகரிப்பு அட்டைகளையும் சோதித்து மதிப்பிட்டுத் தருவது அமெரிக்காவில் என் தொழில். பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகள் தொடர்பாக என்னிடம் வரும் தகராறுகளில் ஏலத்திலோ கடையிலோ பணம் கொடுத்து வாங்கியவை குறைவு. சேகரிப்பாளர்கள் தமக்குள் அட்டைக்கு அட்டை என்று மாற்றிக்கொண்டவையே அதிகம். ஆயிரம் டாலர் கொடுத்து ஓர் அட்டையை வாங்குபவர் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார், ரசீது கேட்கிறார், அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று விசாரிக்கிறார். அதே மனிதர் ஆயிரம் டாலர் மதிப்புள்ள தம் அட்டையைக் கொடுத்து இன்னொன்றைப் பெறும்போது, பையிலிருந்து பணம் எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் இவற்றில் எதையும் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் பல ஆண்டுப் பழக்கமுள்ளவர் என்றால், உருப்பெருக்கியை வெளியே எடுப்பதே மரியாதைக் குறைவு என்று கூச்சப்படுகிறார். அந்தப் பழகியவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவரும் இப்படித்தான் வேறொருவரிடம் கூச்சப்பட்டு அந்த அட்டையைப் பெற்றிருப்பார்.

இப்படிக் கைமாறும் குறையுள்ள அட்டைகளில் அதிகம் கண்ணில் படாமல் போவது ஓரம் வெட்டிய அட்டை. முனை மழுங்கிய அட்டையின் விளிம்பை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவிவிட்டால் முனைகள் கூராகிவிடும். பார்வைக்குப் பல படி உயர்ந்த தரமாகத் தெரியும். இது சில்லறை ஆட்கள் மட்டும் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரியது. அதன் புகழ்பெற்ற ஒரு பிரதியை 1991இல் ஹாக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அட்டைகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் பிஎஸ்ஏ நிறுவனம் அதற்குப் பத்துக்கு 8 என்ற தரத்தை வழங்கியது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த அட்டையின் பக்கவாட்டு ஓரங்களைத் தாமே வெட்டியதாக, அதை முன்பு கையில் வைத்திருந்தவரும் ஏல நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவருமான பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். சான்றளிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கடந்து போன ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் மேசைக்கு மேலே ஐந்து நிமிடம் பார்ப்பவரிடம் சிக்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆயினும் அந்த ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியது நிறைய உண்டு. டி206 அட்டை ஏறத்தாழ 1.44 அங்குல அகலமும் 2.63 அங்குல உயரமும் கொண்டது. ஆலையில் வெட்டும்போதே சிறிது கூடக் குறைய இருந்ததால் அளவுகோல் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ஐயத்திற்கு இடமில்லாத, அதே வரிசையைச் சேர்ந்த மலிவான அட்டை ஒன்றை உடன் எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் விளிம்பை மட்டும் நோக்கினால், நூறாண்டு கண்ட விளிம்பில் தாளின் நார்கள் மழுங்கி, முகப்பில் படிந்த அதே பழுப்பு அங்கும் ஏறியிருக்கும். புதிதாக வெட்டிய விளிம்பு வெளிறியும் கூர்மையாகவும் இருக்கும். கத்தி முடிகிற மூலையில் சில சமயம் மெல்லிய கொக்கிபோல வளைந்திருக்கும். முகப்பு முழுக்கத் தேய்ந்து, விளிம்பு மட்டும் இளமையாக இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மறுபதிப்புகளை இனங்காண்பது இதைவிட எளிது. அட்டைகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு வரிசையில் 311ஆம் எண் கொண்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதனால் அதன் போலிகளுக்குப் பஞ்சமே இல்லை. டாப்ஸ் நிறுவனமே 1983இல் அந்த வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. மூல அட்டை 2.63 × 3.75 அங்குலம், மறுபதிப்பு இன்றைய வழக்கமான 2.5 × 3.5 அங்குலம், மறுபதிப்பு என்ற குறிப்பும் பின்புறத்தில் இருக்கும். அந்தக் குறிப்பைச் சுரண்டி எடுத்த அட்டைகளும் புழங்குகின்றன என்பதால், சுரண்டிய தடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் தேடுங்கள். கறுப்பு எழுத்துகளையும் கோடுகளையும் உருப்பெருக்கியில் பார்த்தால் மூலத்தில் மை இடைவெளியின்றி ஒரே பூச்சாக இருக்கும். படமெடுத்து மறுபடி அச்சிட்டவற்றில் எழுத்துகளே புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புறஊதா விளக்கும் உதவும்: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அட்டைத்தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் இல்லை, எனவே நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்துத் தாள் அன்று. ஒளிராமல் இருப்பது மட்டும் அசல் என்பதற்குச் சான்றாகாது. பழைய தாளைத் தேடிப் பிடித்து அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். கருநிற விளிம்பு கொண்ட 1971 டாப்ஸ் அட்டைகளில் உதிர்ந்த இடத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பியிருப்பதும் பெரும்பாலும் இதே விளக்கில் வெளிப்பட்டுவிடும்.

தரச்சான்று நிறுவனத்தின் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள், சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான எண்ணையே நகலெடுத்துப் போலி உறையில் ஒட்டுவது கடினமன்று. தளத்தில் படம் இருந்தால், படத்தின் ஓர இடைவெளிகளும் மைப்புள்ளிகளும் உங்கள் கையில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள்; உறையின் இணைப்புக் கோட்டில் வெண்மையான நெரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மதிப்பைப் பேசும்போது இருவரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் அட்டைக்கு இணையத்தில் கேட்கப்படும் விலையையும், மற்றவரின் அட்டைக்கு உண்மையில் விற்ற விலையையும் எடுத்துப் பேசுவது நான் அடிக்கடி காணும் வேடிக்கை. ஒத்துக்கொண்ட தொகையை இரண்டு அட்டைகளுக்கும் தனித்தனியே மின்னஞ்சலில் எழுதி, முன்பக்கம், பின்பக்கம், நான்கு முனைகளின் படங்களையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். வெட்டோ வண்ணப்பூச்சோ தெரியவந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு அந்த மின்னஞ்சல் இன்னும் முக்கியம். அமெரிக்கத் தபால் துறையின் பதிவுத் தபாலில் 50,000 டாலர் வரை காப்பீடு கிடைக்கும். பொட்டலம் தொலைந்தால் அதன் மதிப்பை நிறுவுவது அனுப்பியவர் பொறுப்பு. மாற்றிக்கொண்ட அட்டைக்கு ரசீது ஏது? முதலில் யார் அனுப்புவது என்ற சங்கடத்திற்கு, இருவரும் நம்பும் மூன்றாமவரிடம் இரண்டையும் சேர்ப்பித்துச் சோதித்த பின் மாற்றிக்கொள்வதே நல்ல வழி. அட்டையை மென்மையான உறையிலும் பின் டாப்லோடர் எனப்படும் விறைப்பான பிளாஸ்டிக் உறையிலும் இட்டு, அதன் வாயை எளிதில் உரியும் பெயின்டர்ஸ் டேப்பால் மூடுங்கள்; ஒட்டும் செல்லோடேப்பைக் கத்தியால் கிழிக்கப்போய்ப் பாழான அட்டைகள் என்னிடம் வருகின்றன.

வரி என் துறையன்று. ஆனாலும் மதிப்பீட்டுச் சான்று கேட்டு வருபவர்களில் பலர், பணம் வராததால் வரியும் இல்லை என்று நம்பியிருக்கிறார்கள். ஒரே வகைப் பொருளை மாற்றிக்கொண்டால் வரியைத் தள்ளிப்போடலாம் என்ற, அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1031ஆம் பிரிவின் சலுகை 2018 முதல் நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துக்கு மட்டுமே உரியது. 200 டாலருக்கு வாங்கிய அட்டையைக் கொடுத்து 3,000 டாலர் மதிப்புள்ளதைப் பெற்றால் 2,800 டாலர் ஆதாயம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளாக இருந்தால் அதற்கான கூட்டரசு வரி அதிகபட்சம் 28 விழுக்காடு வரை போகலாம். புதிதாக வந்த அட்டையின் அடக்கவிலை அன்றைய 3,000 டாலர் என்று கணக்கில் ஏறும். அந்தத் தொகைக்கு ஆதாரமாகக் கணக்காளர் கேட்பதும் பரிமாற்ற நாளில் எழுதிக்கொண்ட அதே மின்னஞ்சலைத்தான்.